கஞ்சன்ஜங்காவும் வெளிக்கிடு அண்ணையும்

உலகத்தில் எந்த இடத்தையும் ஐந்தே நிமிடத்தில் பார்த்து முடித்துவிடக்கூடிய மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் ஜெர்மனியில், ஹனோவரில் இருக்கிறார். பாரிஸ் கோபுரமா? ஐந்து நிமிடம். வெனிஸ் நகரமா? நடுவில் தண்ணீர் இருப்பதால் ஏழு நிமிடம். கடவுளே நேரில் தோன்றி “மகனே” என்று ஆரம்பித்தாலும், பார்க்கிங் எங்கே போட்டிருக்கிறீர்கள் என்றுதான் கேட்பார்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்லியிருப்பார், ஆனால் கேட்டு முடிப்பதற்குள் கிளம்பியிருப்பார். ஹனோவர் தமிழர்கள் அத்தனை பேருக்கும் அவர் ‘வெளிக்கிடு அண்ணை’. ‘வெளிக்கிடுங்கோ’ என்றால் இலங்கைத் தமிழில் ‘கிளம்புங்கள்’. சொந்த ஊர் மன்னார். அகதியாக வந்து, பஸ் ஓட்டப் படித்து, ஒரு பழைய பஸ்ஸை வாங்கி, எங்கள் கல்யாணங்கள், கோயில் திருவிழாக்கள், கெவலார் என்ற ஊரின் மாதா கோயில் யாத்திரை எல்லாவற்றுக்கும் ஆள் ஏற்றியவர் அவர். பஸ்ஸை நிறுத்தும்போதே அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவார். நாங்கள் இறங்க வேண்டுமா ஏற வேண்டுமா என்று புரியாமல் படியில் நிற்போம்.

நான் மதுரைக்காரி. கல்யாணமாகி ஹனோவர் வந்த புதிதில் வீடு மாற அண்ணைதான் வேன் கொண்டுவந்தார். ஃப்ரிட்ஜை எந்த மூலையில் வைக்கலாம் என்று நானும் கணவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். சண்டை முடிந்து திரும்பிப் பார்த்தால் வேனைக் காணோம். வேனுக்குள் எங்கள் மெத்தை. போன் போட்டால், “என்ன பிள்ளை, மெத்தையோ? அது இப்ப பிறேமன் றோட்டிலை வருகுது” என்றார். மெத்தை அன்று எங்களைவிட நிறைய ஊர் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பியது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் கஷ்டம் புரியும். எனக்கு உட்காரப் பிடிக்கும். ஊர் சுற்றுவது என்றாலே உடம்பு வலிக்கும். சோபாவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கையில் காபியோடு, வெளியே பனி பெய்வதைப் பார்ப்பதுதான் என் சுற்றுலா. அப்படிப்பட்டவள் வீட்டுக்கு அண்ணை வருவார். ஜாக்கெட்டைக் கழற்ற மாட்டார். தேநீரை நின்றபடியே குடிப்பார். “உக்காருங்கண்ணே, ப்ளீஸ்” என்றால், “இருக்கிறன், இருக்கிறன்” என்று சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போவார். அவர் போனபிறகுதான் வீட்டு நாற்காலிகளுக்கே மூச்சு வரும்.

இந்த மனிதரோடு நாற்பது வருஷத்துக்குக் கிட்ட குடும்பம் நடத்துகிறவர் பிலோ அக்கா. முழுப்பெயர் பிலோமினா. அண்ணை பறக்கும் வேகத்துக்கு நேர் எதிர். ஊர்க்கதை முழுவதும் சொல்லி முடிக்கும்போதுதான் ஒரு வெங்காயம் உரிந்திருக்கும். பஸ்ஸில் அக்காவுக்கென்று டிரைவருக்குப் பக்கத்து முன் சீட். அதில் வேறு யாரும் உட்கார முடியாது. அக்கா தோடம்பழம், அதாவது ஆரஞ்சு, உரித்து ஒவ்வொரு சுளையாகக் கொடுப்பார், அண்ணை ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் வாயை மட்டும் திறப்பார். பான் நகரத்திலிருக்கும் மகளின் பிரசவத்துக்கு அக்கா போயிருந்த மாதம், அண்ணை ஹனோவரைத் தாண்டவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, “முன் சீட் வெறுமையாக் கிடந்தா பஸ் ஒரு பக்கம் இழுக்குது” என்றார்.

அந்த முன் சீட்டுக்குத்தான் ஆபத்து வந்தது.

சுவிஸ் போயிருந்தோம், பனிமலை பார்க்க. மூன்று மணி நேரம் மேலே ஏறி, பஸ்ஸை நிறுத்தினால், எதிரே வெள்ளைத் துணி போர்த்தியதுபோல மேகம். மலை இருக்கும் பக்கம் எது என்றே தெரியவில்லை. அக்கா தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆசையோடு நின்றார். அண்ணை கையைக் கட்டிக்கொண்டு மேகத்தை ஒரு பார்வை பார்த்தார்.

“மலை உள்ளுக்கைதான் நிக்குது. ஒரு இடமும் போகேல்லை. வெளிக்கிடுங்கோ!”

நாங்கள் பாதி வழி இறங்கியபோது மேகம் விலகிவிட்டது. பின் கண்ணாடி வழியாகப் பார்த்தவர்கள் “ஆஹா” என்றார்கள். முன் சீட்டில் இருந்த அக்காவுக்கு அது தெரியவில்லை. அன்று ஹனோவர் வரும்வரை தோடம்பழம் உரிபடவில்லை.

அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா பலகாரத்துக்கு ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றுகிற வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

“பிள்ளை, நான் ஐரோப்பா முழுக்கப் பாத்தனான். எல்லாம் கண்ணாடிக்குள்ளாலை. ரோமிலை பாப்பரசர் ஜன்னலைத் திறக்க முன்னம் இந்த மனுசன் பஸ்ஸைத் திறந்திட்டுது. இனிக் காணும், போதும். எனக்கு முழங்காலும் ஏலாது. இனி நான் ஒரு இடமும் வரமாட்டன்.”

“அண்ணே பாவம்க்கா. நீங்க இல்லாம அவரால டிரைவ் பண்ண முடியாது.”

“அப்ப அவரும் வீட்டிலை இருக்கட்டும். இருக்கப் பழகட்டும்.”

கூடத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்த அண்ணையின் கப் பாதி வழியில் நின்றுவிட்டது. நான் பார்த்து அவர் தேநீரை முடிக்காமல் வைத்தது அன்றுதான்.

அண்ணை மூன்று வாரம் யோசித்தார். அவ்வளவு காலம் ஒரே விஷயத்தை அவர் யோசித்ததே பெரிய அதிசயம். பிறகு வந்து சொன்னார்: டார்ஜிலிங். இமயமலை. அங்கிருந்து கஞ்சன்ஜங்கா சிகரம் முழுதாகத் தெரியுமாம். ஈஸ்டர் விடுமுறையில் போகலாமாம். சுவிஸ் மலை எல்லாம் அதன் காலடிக்குக்கூடப் போதாதாம். அக்கா உடனே சம்மதிக்கவில்லை. நிபந்தனை போட்டார். அதை எங்கள் எல்லோர் முன்னாலும், மாதா படத்துக்குக் கீழே நின்று போட்டார்.

“நான் அந்த மலையை என்ரை கண்ணாலை காணுமட்டும் நீங்கள் அந்தச் சொல்லைச் சொல்லக் குடாது. ஒருக்காத் தவறிச் சொன்னாலும், கெவலார் மாதாவாணை, உங்கடை முன் சீட்டிலை இனி நான் ஏறமாட்டன். கெவலாருக்கும் ரயிலிலைதான் போவன்.”

“எந்தச் சொல்?” என்றார் அண்ணை, அப்பாவியாக.

“உங்கடை சொல்தான்.”

அண்ணை மாதாவைப் பார்த்துச் சம்மதமாகத் தலையை ஆட்டினார். முகம் சுண்டிப்போயிருந்தது.

இதில் நான் எப்படி மாட்டினேன் என்று கேளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சோபாவில் சாய்ந்த கணத்தில் அண்ணையின் போன்.

“பிள்ளை, நீங்கள் கட்டாயம் வரவேணும். நீங்கள் இல்லாட்டி ஏலாது.”

“நான் எதுக்கண்ணே?”

“ஹிந்தி கதைக்க.”

“அண்ணே, எனக்கு ஹிந்தி தெரியாது. சத்தியமா ஒரு வார்த்தை கூடத் தெரியாது.”

“சும்மா விடுங்கோ பிள்ளை. நீங்கள் இந்தியாதானே!”

“இந்தியாதான். ஆனா மதுரை! மதுரைல எவன் ஹிந்தி பேசுறான்?”

“உந்தத் தன்னடக்கம்தான் எனக்கு உங்களிட்டைப் பிடிச்சது” என்று சொல்லி வைத்துவிட்டார். ஹனோவர் முழுக்க இதே நம்பிக்கைதான். யாருக்காவது ஹிந்தியில் ஒரு மருந்துச் சீட்டு வந்தால்கூட என்னிடம் நீட்டுவார்கள். என் கணவரோ, “போயிட்டு வா, உனக்கும் ஒரு சேஞ்ச்” என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. சோபா முழுவதும் அவருக்கு.

ஆக, பதினோரு பேர் கிளம்பினோம். பாக்டோக்ரா விமான நிலையத்தில் இறங்கினோம். இரண்டு ஜீப். எங்கள் ஜீப் டிரைவர் ஒரு மலைக்காரர், சிரித்த முகம். அவர் என்னமோ கேட்டார். பத்துத் தலைகளும் என் பக்கம் திரும்பின. எனக்குத் தெரிந்த ஒரே ஹிந்தி வாக்கியம், எனக்கு ஹிந்தி தெரியாது என்பதுதான். அதைச் சொன்னேன்.

“ஹிந்தி நஹி மாலூம்.”

“பாத்தியளே, என்ன வடிவாக் கதைக்கிறா!” என்றார் அண்ணை, பெருமையோடு. டிரைவரின் சிரிப்பு மட்டும் மறைந்துவிட்டது. அதன்பிறகு பயணம் முழுவதும் எங்கள் ஆட்கள் அவரோடு ஜெர்மனில் பேசினார்கள். வளைவில் அவர் வேகம் எடுத்தால் எங்கள் ஜீப்பில் இருந்த அத்தனை பேரும் “லங்ஸாம், லங்ஸாம்” என்று கத்துவோம், மெதுவாக என்று அர்த்தம். இரண்டாவது நாளிலிருந்து டிரைவரே வளைவு வந்தால் “லங்ஸாம்” என்று சொல்லிவிட்டுத் திருப்ப ஆரம்பித்தார்.

டார்ஜிலிங் அழகான ஊர். அழகு என்று நான் சொன்னால், உட்கார நிறைய இடம் இருக்கிறது என்று அர்த்தம். சௌரஸ்தா என்று மேலே ஒரு சதுக்கம். மட்டக்குதிரைகள், பொம்மைக் கடைகள், ஆவி பறக்கும் மோமோ. அங்கிருந்து ஒரு பாதை குன்றைச் சுற்றிப் போகிறது. பாதை ஓரம் வரிசையாக மரப் பெஞ்சுகள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் எதிரே நேராகக் கஞ்சன்ஜங்கா தெரியும் என்று எல்லாப் படத்திலும் போட்டிருந்தது. நாங்கள் போனபோது எதிரே தெரிந்தது மேகம். சுவிஸில் பார்த்த அதே மேகம், எங்களைத் தேடி வந்துவிட்டதோ என்று தோன்றியது.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினார். “அது வரும்” என்றார்.

அண்ணை ஒரு நிமிடம் நின்றார். இரண்டு நிமிடம் நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது, ‘வெ’ என்று ஆரம்பித்தது, அக்கா திரும்பிப் பார்த்தார். உடனே அண்ணை பலமாக இருமினார். எங்கே குளிர் பிடித்துவிட்டதோ என்று நாங்கள் பயந்தோம். பிறகுதான் புரிந்தது. அந்தச் சொல் வெளியே வர வழியில்லாமல் இருமலாக வருகிறது.

அதிலிருந்து எங்கள் சுற்றுலாவை அந்த இருமல்தான் நடத்தியது. கூம் என்ற இடத்தில் புத்த மடத்துக்குப் போனோம். பெரிய புத்தர் சிலை. தீபத்தின் முன்னால் ஒரு பிக்கு கண்மூடி ஓதிக்கொண்டிருந்தார். நாங்கள் கைகூப்பி ஒரு நிமிடம் ஆகவில்லை, பின்னாலிருந்து இருமல். பத்துப் பேரும் செருப்பு மாட்டினோம். பிக்கு கண்ணைத் திறந்து அண்ணையைக் கருணையோடு பார்த்து, ஒரு டம்ளர் வெந்நீர் கொடுக்கச் சொன்னார். தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். அங்கே ஒரு பெண் விலை உயர்ந்த தேநீரைச் சின்னக் கோப்பையில், பாலில்லாமல், பொன்னிறமாக ஊற்றிக் கொடுத்து, மெதுவாக ருசிக்கச் சொன்னார். அண்ணை ஒரே மடக்கு.

“இது தேத்தண்ணியோ, தேயிலை கழுவின தண்ணியோ?” என்று என்னிடம் கேட்டார். “ஹிந்தியிலை கேளுங்கோ பிள்ளை, சாயம் போட மறந்திட்டினமோ எண்டு.”

நான் அந்தப் பெண்ணைப் பார்த்து, “ஹிந்தி நஹி மாலூம்” என்றேன். அவரும் பதிலுக்குச் சிரித்து இன்னொரு கோப்பை ஊற்றினார். என் ஹிந்தியின் புகழ் இன்னும் உயர்ந்தது.

எல்லாவற்றுக்கும் மேல் அந்தப் பொம்மை ரயில். சின்ன எஞ்சின், சின்னப் பெட்டி, புகை. கடைத்தெருவுக்கு நடுவே, கடைக்காரர் நீட்டினால் வாழைப்பழம் வாங்கிக்கொள்ளும் வேகத்தில் போகும். எனக்குச் சொர்க்கம். இப்படியே சாகும்வரை போகலாம் என்றிருந்தது. அண்ணைக்கு நரகம். ஜன்னலைத் திறந்தார், மூடினார். எழுந்தார், உட்கார்ந்தார். இரண்டு தடவை இருமினார். ரயிலுக்கு இருமல் புரியவில்லை. மூன்றாவது தடவை திரும்பிப் பார்த்தால் சீட்டில் ஆளைக் காணோம். அண்ணை கீழே, ரயிலுக்குப் பக்கத்தில் நடந்து வந்துகொண்டிருந்தார்!

“உள்ளுக்கை இருந்தா நேரம் போகுதில்லை பிள்ளை” என்றார், ஜன்னல் வழியாக.

கொஞ்ச நேரத்தில் எங்களை முந்திவிட்டார். அடுத்த நிலையத்துக்குள் ரயில் நுழைந்தபோது அண்ணை நடைமேடையில் நின்று எங்களை வரவேற்றார். அக்கா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் நான் பக்கத்தில் இருந்தேன், சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

ஊர் சுற்றினது போக மிச்ச நேரமெல்லாம் பெஞ்ச்தான். காலையில் பெஞ்ச், சாயங்காலம் பெஞ்ச். மேகம் அசையவில்லை. அக்கா உட்கார்ந்திருப்பார், அண்ணை பெஞ்சைச் சுற்றி நடப்பார். இருமிக்கொண்டே நடப்பார். அவர் நடந்து நடந்து அந்த இடத்துப் புல் போய்விட்டது. திரும்பும் நாளும் நெருங்கிவிட்டது. மற்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள்: அக்கா மலையைக் காணப்போவதில்லை, அண்ணையும் வாயைக் காக்கப்போவதில்லை, முன் சீட் காலிதான்.

ஒரு மத்தியானம் அண்ணை தூரத்தில் ஒரு மட்டக்குதிரைக்காரரோடு சைகையில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். குதிரை ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதுதான் விஷயம் என்று சைகையிலேயே தெரிந்தது. நான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எரிச்சலில் கேட்டேவிட்டேன்.

“ஏன்க்கா, இவரு பொறந்ததுல இருந்தே இப்படியா?”

“இல்லைப் பிள்ளை. ஊரிலை இவர் ஒரு சோம்பேறியாம். மாமி சொல்லுறவ.” அக்கா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “நாங்கள் வந்த புதிசிலை ஹைமிலை, அதுதான் அகதியள் விடுதியிலை, இருந்தனாங்கள். இவர் ஒரு ஹைம், நான் வேறை ஹைம். அப்ப அகதிக் கேஸ் முடியுமட்டும் எங்கடை மாவட்டத்தை விட்டு வெளியிலை போக ஏலாது. போறதெண்டா அனுமதி எடுக்கவேணும். இல்லாமல் பிடிபட்டா, கேஸுக்கே பிரச்சினை எண்டு பயம். இவற்றை ஹைம் ஒரு மாவட்டம், என்ரை ஹைம் பக்கத்து மாவட்டம். ஒரு மாதா திருநாளிலை அனுமதி எடுத்துப் போன இடத்திலைதான் கண்டு கதைச்சனாங்கள்.”

“அப்புறம் எப்படி மீட் பண்ணுவீங்க?”

“எல்லையிலை மாவட்டப் பேர் எழுதின ஒரு போர்ட் இருந்தது. இவர் சைக்கிளிலை அந்தப் பக்கம் வருவார், நான் நடந்து இந்தப் பக்கம் வருவன். ஆளுக்காள் தங்கடை பக்கத்திலை நிண்டு கதைப்பம். இவர் பிளாஸ்கிலை தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டுவார். இவற்றை பக்கத்திலை ஒரு வாங்கு கிடந்தது பிள்ளை, நல்ல வாங்கு. நான் நிக்கேக்கை தான் இருக்கமாட்டன் எண்டு அவரும் நிப்பார். வாங்கு சும்மா கிடக்கும்.”

வாங்கு என்றால் பெஞ்ச். நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சை அக்கா கையால் தடவினார்.

“ஒருநாள் எனக்குச் சரியான கால் உளைவு. ரெண்டு எட்டுத்தானே எண்டு தாண்டிப் போய் அதிலை இருந்திட்டன். இவரும் வந்து பக்கத்திலை இருந்தார். ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கேல்லை, வளைவிலை பொலிஸ் கார். ‘வெளிக்கிடும், வெளிக்கிடும்’ எண்டு என்னைக் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டுவந்து என்ரை பக்கத்திலை விட்டார். அந்தக் கார் நிக்காமலே போட்டுது. இவருக்குத்தான் அந்தப் பதட்டம் இண்டைக்கும் இறங்கேல்லை. எங்கை இருந்தாலும் எனக்கு ஏதோ வரப்போகுது எண்டு நினைக்கிற மாதிரி.”

இத்தனை வருஷமாக அந்தச் சொல்லை வைத்து எவ்வளவு கேலி செய்திருக்கிறோம்! அண்ணை குதிரையை விட்டுவிட்டு வேகமாக வந்தார், “என்ன, ஏதும் தெரிஞ்சுதோ?” என்றார். “தெரிஞ்சதுண்ணே” என்றேன். அவர் பதறி மேகத்தைப் பார்த்தார்.

கடைசி நாள் வந்தது. மத்தியானம் விமானம். கீழே இறங்க மூன்று, நான்கு மணி நேரமாகும், வழியில் ரோடு வேலை வேறு. பெட்டிகள் ஜீப்பில் ஏறிவிட்டன. அண்ணையும் அக்காவும் மட்டும் விடியும்போதே பெஞ்சுக்குப் போயிருந்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். கைக்கடிகாரத்தைக் காட்டி எங்களிடம் ஏதோ படபடவென்று சொன்னார். இந்த முறை யார் தலையும் என் பக்கம் திரும்பவில்லை, ஏனென்றால் அவர்களுக்கே புரிந்துவிட்டது. “போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ பிள்ளை” என்று என்னை அனுப்பினார்கள். நான் ஓடினேன். நான், ஓடினேன்! பின்னாலேயே பொறுமை போய் மற்றவர்களும் வந்தார்கள்.

வளைவு திரும்பியதும் நின்றுவிட்டேன். எதிரே மேகம் இல்லை. வானத்தில் பாதி உயரத்துக்கு, நான் மலையைத் தேடிக்கொண்டிருந்த இடத்துக்கு எங்கேயோ மேலே, வெள்ளை வெளேரென்று கஞ்சன்ஜங்கா நின்றது. இவ்வளவு நாளும் தப்பான உயரத்தில் அல்லவா தேடியிருக்கிறோம் என்று இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அக்கா!” என்று கத்த வாயெடுத்தேன். பெஞ்சில் இருந்த அண்ணை தலையை மட்டும் திருப்பி, கண்ணால் என்னை அடக்கினார்.

அண்ணை உட்கார்ந்திருந்தார். கால் ஆடவில்லை. இருமவில்லை. அவர் தோளில் தலை சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்து, பிலோ அக்கா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். விடிகாலைக் குளிரில் எழுந்த களைப்பு. ஒரு கோப்பைத் தேநீர் அண்ணை கையில் ஆறிப்போய் இருந்தது.

எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். எல்லோரும் போனைத் தூக்கி மலையைப் படம் பிடித்தோம். கீழே டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். அண்ணை என்னைப் பார்த்து, அந்தப் பக்கம் கண்ணைக் காட்டி, உதட்டால் கெஞ்சினார்: அவரை நிப்பாட்டச் சொல்லுங்கோ. நான் திரும்பிக் கீழே ஓடினேன். டிரைவரிடம் ‘கொஞ்சம் இருங்கள்’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இந்தியாவில் பிறந்து வளர்ந்தவள், அதற்கு ஹிந்தியில் வார்த்தை இல்லாமல் நின்றேன். கடைசியில் ஜீப் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹாரனின் மேல் இருந்த அவர் கையைப் பிடித்து, “லங்ஸாம், ப்ளீஸ்” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். எஞ்சினை அணைத்துவிட்டார்.

நான் மூச்சிரைக்க மேலே வருவதற்கும் மேகம் வந்து மூடுவதற்கும் சரியாக இருந்தது. முதலில் உச்சி போனது, பிறகு தோள், பிறகு எல்லாமே. பழையபடி வெள்ளைத் துணி. அப்போதுதான் அக்கா கண் விழித்தார். அவசரமாக எதிரே பார்த்தார்.

“வந்ததோ?”

போன்கள் எல்லாம் சத்தமில்லாமல் பைக்குள் போயின. அண்ணை தொண்டையைச் செருமினார்.

“இல்லை. இன்னும் வரேல்லை.” பிறகு, அந்த மனிதர் வாயிலிருந்து நான் கேட்பேன் என்று கனவிலும் நினைக்காத ஒன்றைச் சொன்னார். “கொஞ்சம் இரும்.”

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மலை பக்கம் திரும்பவே இல்லை. பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“எனக்குக் காணும். நீங்கள் இருந்தனீங்களே. மலையை அடுத்த முறை பாப்பம்.” பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்தார். “வெளிக்கிடுவம், வாங்கோ.”

அந்தச் சொல்லை அக்காதான் சொன்னார். அத்தோடு நிபந்தனை தீர்ந்தது, முன் சீட் தப்பியது. ஜீப்பில் ஏறினால் அண்ணை இடது கையைத் தூக்க முடியாமல் தவித்தார், அவ்வளவு மரத்துப்போயிருந்தது. விமான நிலையத்துக்கு நாங்கள் தாமதமாகத்தான் போனோம். ஆனால் அதே மேகம் எங்கள் விமானத்தையும் பிடித்து வைத்திருந்தது.

ஹனோவர் திரும்பியபிறகு ஒருநாள் அண்ணையைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

“ஏண்ணே, அவ்வளவு ஆசைப்பட்டாங்களே. ஒரு வார்த்தை சொல்லி எழுப்பியிருக்கலாம்ல?”

“எழுப்பத்தான் வாயைத் திறந்தனான் பிள்ளை” என்றார், ஜாக்கெட் ஜிப்பை மேலும் கீழும் இழுத்தபடி. “அவவை எழுப்ப எனக்கு இவ்வளவு காலமும் ஒரே ஒரு சொல்தானே தெரியும். அதைச் சொல்ல மாட்டன் எண்டு சத்தியம் செய்து குடுத்திட்டன். வேறை என்ன சொல்லி எழுப்புறது எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தன். அதுக்குள்ளை மூடிப்போட்டுது.” அப்படியானால் என்னைக் கத்தவிடாமல் ஏன் கண்ணால் அடக்கினார் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் வாட்சப் குழுவில் அந்த மலையின் படம் இன்றுவரை வரவில்லை. ஜெர்மன்காரர்களிடம்கூட யாரும் காட்டவில்லை. பிலோ அக்காவுக்கு இந்தப் பத்திரிகை கிடைக்காது என்ற தைரியத்தில்தான் நானும் இதை எழுதுகிறேன். கிடைத்துவிட்டால், அக்கா, மன்னிச்சுக்குங்க. படம் என்னிடம் இருக்கிறது, கேட்டாலும் தர மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, நான் சோபாவில் சாய்ந்த கணத்தில் போன் அடித்தது.

“பிள்ளை, அவ இன்னும் மலை பாக்கேல்லை. இலையுதிர் விடுமுறையிலை திரும்பவும் போறம். வெளிக்கிடுங்கோ!”

எனக்கு ஹிந்தி தெரியாது என்று இந்த முறை நான் சொல்லவில்லை. ஒரு மாதமாக வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். வாத்தியார் எண்களிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார். எண்கள் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ‘கொஞ்சம் இருங்கள்’ என்பதைச் சொல்லிக்கொடுங்கள் என்றேன்.